மண் வீட்டில் சிக்கனமான குசினி: விறகும் சூடும் வீணாகாமல் திட்டமிடும் முறை

மண் வீடு கட்ட விரும்புகிறவர்கள் சுவரைப் பற்றிக் கேட்கிறார்கள், கறையானைப் பற்றிக் கேட்கிறார்கள், மாரி மழையைத் தாங்குமா என்று கேட்கிறார்கள். குசினியைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. அறைகளுக்கெல்லாம் இடம் ஒதுக்கியபின் மிஞ்சிய மூலை அதற்குப் போகிறது. சீமெந்து வீட்டில் இதனால் வசதி கொஞ்சம் குறையும். மண் வீட்டிலோ வீட்டின் குணமே கெட்டுவிடும்.

காரணம் சுவரின் கனம். ஓரடி தடிப்புள்ள மண் சுவரின் ஒரு பக்கத்தில் ஏறும் சூடு மறுபக்கம் வந்து சேர ஏறக்குறைய எட்டுப் பத்து மணி நேரம் எடுக்கும். பகலின் வெயிலை உள்ளே விடாமல் தடுப்பது இந்தக் குணம்தான். ஆனால் அதே சுவரின் ஓரமாக அடுப்பை வைத்து, மறுபக்கத்தில் படுக்கையறையை அமைத்தால், மத்தியானச் சமையலின் சூடு இரவு பத்து மணிக்குத் தலைமாட்டில் இறங்கும். பிறகு மின்விசிறி வாங்க வேண்டும். விடியும்வரை அது ஓட வேண்டும். நம் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் பெரிதாக இல்லாததால், ஏறிய சூட்டைச் சுவர் எளிதில் இழப்பதும் இல்லை.

ஆகவே அலுமாரியும் தட்டும் இந்த வழிகாட்டியில் பின்னால்தான் வரும். தீ எங்கே இருக்கும், அதன் சூடு எந்தச் சுவரில் ஏறும், எந்த வழியாக வெளியேறும் என்பதை முதலில் தீர்மானிப்போம்.

முதல் படி: வளவில் காற்று வரும் வழியைப் பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக்கு இரண்டு பெரிய காற்றுகள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரண்டு வீசும் கச்சான். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும் வாடை. இவற்றோடு, பிற்பகலில் கடலிலிருந்து ஏறிவரும் கொண்டல்.

இந்தத் திசைகளை ஒரு தாளில் வரைந்து, நடுவில் வீட்டையும் நான்கு மூலைகளில் குசினியையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். தென்மேற்கு மூலையில் குசினி இருந்தால் கச்சான் மாதங்கள் முழுவதும் புகை வீட்டுக்குள் வரும். வடகிழக்கில் இருந்தால் மாரியில் புகையும் சாரலும் சேர்ந்து வரும். தென்கிழக்கில் இருந்தால் கச்சான் புகையை வடகிழக்காகத் தள்ளும், வாடை தென்மேற்காகத் தள்ளும். இரண்டுமே வீட்டைத் தொடாமல் விலகிப் போகின்றன. பெரியவர்கள் அக்கினி மூலை என்று தென்கிழக்கைக் காட்டுவதை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இந்த ஊரில் அதை ஏற்றுக்கொள்ள இந்தக் காரணமே போதும். போதாததற்கு அந்த மூலையில் பெரும்பாலும் காலை வெயில்தான் விழும். பிற்பகல் வெயிலில் பெரும்பகுதி வீட்டுக்கு மறுபுறம் நின்றுவிடும்.

தென்கிழக்கு கிடைக்காவிட்டால் வடமேற்கு. புகையைப் பொறுத்தவரை அதுவும் நல்ல மூலைதான். ஆனால் மேற்கு வெயில் நேரே அடிக்கும். அங்கே வேப்பமரமோ முருங்கையோ நிழல் தராவிட்டால், மேற்குச் சுவரை விறகு அடுக்கும் தாழ்வாரத்தால் மறையுங்கள்.

வாவிக் கரை, தென்னந்தோப்பு, பக்கத்து மதில் எல்லாம் காற்றைத் திருப்பிவிடும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல்வெளியைப் பார்த்து நிற்கும் வளவுக்கும், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடுகள் நெருங்கிய வளவுக்கும் காற்று ஒன்றாக இருக்காது. எனவே அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே, குசினி வரவேண்டிய இடத்தில் ஈரமான தேங்காய்ப் பொச்சைக் கொளுத்திப் புகை போகும் வழியைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கும், பதினொரு மணிக்கும், மாலை ஆறு மணிக்கும் பாருங்கள். நீங்கள் சமைக்கும் நேரங்கள் அவைதான்.

இரண்டாம் படி: அடுப்புச் சுவரை வீட்டுச் சுவரிலிருந்து பிரியுங்கள்

பழைய வீடுகளில் குசினி தனியாக நின்றது. அந்தப் பிரிவினையைக் கைவிட்டது நமக்கு நட்டம் என்பதே என் உறுதியான எண்ணம். வரவேற்பறையும் சமையலறையும் ஒன்றாகத் திறந்து கிடக்கும் அமைப்பு மண் வீட்டுக்குப் பொருந்தாது. விறகு எரியும் வீட்டுக்கு அறவே பொருந்தாது. முற்றிலும் பிரிக்க இடமில்லை என்றால், வீட்டுக்கும் குசினிக்கும் நடுவே நாலைந்து அடி அகலத்தில் கூரை போட்ட ஒரு நடையை விடுங்கள். இரு பக்கமும் திறந்த நடை. மழையில் நனையாமல் போய் வரலாம், காற்று குறுக்கே ஓடும், அடுப்பின் சூடு அங்கேயே நின்றுவிடும்.

அடுப்பு, குசினியின் வெளிச் சுவரோரம் இருக்க வேண்டும். தென்கிழக்குக் குசினியில் அது கிழக்குச் சுவர். கிழக்குப் பார்த்து நின்று சமைக்கும் பழக்கத்துக்கும் அது சரிவரும். அடுப்பைச் சுவரோடு ஒட்டிக் கட்டாமல் நான்கு அங்குலம் விட்டுக் கட்டினால் சுவர் சூடாவதும் குறையும், பூச்சு வெடிப்பதும் குறையும். அடுப்புக்கு நேர் எதிரே யன்னல் வைக்காதீர்கள். காலைச் சூரியன் கண்ணைக் கூசும். காற்று சுவாலையைச் சட்டிக்கு வெளியே தள்ளும். யன்னலை அடுப்புக்கு இடப்பக்கம், வடக்குச் சுவரில், காய்கறி வெட்டும் திண்டுக்கு மேலே வையுங்கள்.

வடக்கு யன்னலுக்கு வெயில் வராது என்று சொல்வார்கள். நம் ஊருக்கு அது பாதி உண்மைதான். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7.7 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நடு உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் மத்தியானச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். எனவே நான்கு பக்கமும் மூன்றடி இறவாரம் வேண்டும். மண் சுவரை மாரிச் சாரலிலிருந்து காப்பதும் அதே இறவாரம்தான்.

மூன்றாம் படி: சமைப்பவரின் உடலை அளவுகோலாக எடுங்கள்

நம் பகுதியில் வீடு பெண்ணுக்கே போகிறது. மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுக்கும் வீட்டில், குசினியின் அளவை மட்டும் மேசனும் மாமாவும் தீர்மானிப்பது முறையல்ல. சமைக்கப்போகிறவரை நிலத்தில் நிறுத்தி, முளை அடித்து, கயிறு கட்டி, வெறும் தரையில் நடக்கச் சொல்லுங்கள்: அடுப்பு, தண்ணீர், உணவுப் பொருள் வைக்குமிடம். இந்த மூன்றையும் இணைக்கும் கோடுகளின் மொத்த நீளம் 13 அடிக்கும் 26 அடிக்கும் இடையில் இருந்தால் வேலை களைப்பில்லாமல் நடக்கும். சிறிய குடும்பத்துக்கு உள்ளளவு 10 அடிக்கு 12 அடி தாராளம். அதைவிடப் பெரிய குசினி நடக்கும் தூரத்தைத்தான் கூட்டும்.

வெட்டும் திண்டின் உயரம் முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே. அடுப்புத் திண்டு அதைவிட அரை அடியாவது பதிவாக இருக்க வேண்டும். அடுப்பும் சட்டியும் சேர்ந்து உயர்ந்துவிடும் என்பதால், பானையின் வாய் முழங்கைக்குக் கீழே நிற்குமாறு அளந்து கட்டுங்கள். பிட்டுக் குழைப்பதும் தேங்காய் துருவுவதும் உட்கார்ந்து செய்யும் வேலைகள். அவற்றுக்காக நடையின் ஓரத்தில் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மண் திண்ணை கட்டிவிடுங்கள். அம்மியும் உரலும் அங்கேயே இருக்கட்டும்.

நான்காம் படி: அடுப்பு

குசினியின் சிக்கனத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 300 கிலோஜூல் போதும். நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 15,000 கிலோஜூல் இருக்கிறது. கணக்குப்படி அதில் 50 லீற்றர் கொதிக்க வேண்டும். மூன்று கல் அடுப்பில் சூட்டின் நூறில் பத்து, பதினைந்து பங்குதான் சட்டிக்குப் போகிறது. ஐந்து முதல் ஏழு லீற்றரோடு விறகு முடிந்துவிடும். மீதியெல்லாம் சுவருக்கும் கூரைக்கும் சமைப்பவரின் முகத்துக்கும் போகிறது.

கடைகளில் கிடைக்கும் அனகி அடுப்பு நல்ல தொடக்கம். ஒரே வாயில் விறகு வைத்து இரண்டு சட்டிகளைக் காயவைக்கும் சுட்ட களிமண் அடுப்பு அது. முதல் வாயில் சோறு கொதிக்கும்போது இரண்டாவது வாயில் கறி மெல்லக் கொதிக்கும். அதை அப்படியே தரையில் வைத்துப் பாவிப்பதைவிடத் திண்டில் பதித்து மண்ணால் மூடுவது நல்லது. ஆனால் எந்த மண்ணால் என்பதில்தான் பலர் கவனம் வைப்பதில்லை. கனமான களிமண் சூட்டைத் தடுக்காது, உறிஞ்சும். அடுப்பைச் சுற்றி ஓரடி தடிப்பில் களிமண் அப்பினால், காலையில் ஒரு கோப்பை தேநீருக்கு மூட்டும் தீ முதலில் அந்த மண்ணைத்தான் சூடாக்கும்.

சூட்டைத் தடுப்பது காற்றறைகள் நிறைந்த பொருள். அது நம் ஊரில் மலிவு: உமி. சம்மாந்துறையிலும் செங்கலடியிலும் அரிசி ஆலைகளின் பின்புறம் குவிந்து கிடப்பதுதான். இரண்டு முறைகள் உண்டு. அடுப்பின் உடலுக்கும் வெளி மண் சுவருக்கும் நடுவே மூன்று அங்குலம் விட்டு, அதில் உமிச் சாம்பலை நிரப்பி மேலே மண்ணால் மூடலாம். சாம்பலைச் சிறிது நனைத்துக்கொண்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு செய்யுங்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது. அல்லது புற்றுமண்ணோடு அதன் அளவுக்குக் குறையாமல் உமி சேர்த்து மிதித்துக் குழைத்து உட்பக்கத்துக்குப் பூசலாம். தீ பட்டதும் உமி எரிந்துபோய் நுண்ணிய துளைகள் மிஞ்சும். அந்தத் துளைகளே காப்பு. வெளிப்பூச்சுக்கு வழமைபோல் புற்றுமண், மணல், வைக்கோல் நறுக்கு, சாணம்.

சட்டிக்கும் அடுப்பின் விளிம்புக்கும் இடையே அரை அங்குல இடைவெளி இருக்கட்டும். அதைவிடக் கூடினால் சூடு நழுவும், குறைந்தால் புகையும். விறகின் அடியில் காற்றுப் போக ஒரு இரும்புத் தட்டியை வையுங்கள். அடுப்பு வாய் கதவுக்கு நேரே இருக்கக் கூடாது. கச்சான் நேரே அடித்தால் விறகு கடகடவென்று எரிந்து தீரும், சோறு வேகாது.

ஐந்தாம் படி: புகை

அடுப்போடு நேரடியாகப் பொருத்திய குழாய் புகையை நன்றாக இழுக்கும். கூடவே சட்டிக்கு அடியில் நிற்க வேண்டிய சுவாலையையும் இழுத்துவிடும். எனவே அடுப்புக்கு மேலே கவிழ்ந்து நிற்கும் புகைக்கூட்டையே நான் விரும்புகிறேன். அடுப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் அரை அடி கூடுதலாக அது விரிந்திருக்க வேண்டும். அதன் முன்விளிம்பு தலையில் இடிக்காத உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்பது அங்குலச் சதுரக் குழல் போதும். முகட்டைவிட இரண்டடி உயர்த்திவிடுங்கள், இல்லையென்றால் கூரையில் மோதும் காற்று புகையைத் திரும்ப உள்ளே இறக்கும்.

பழைய குசினிகளில் சுவர் கூரைவரை போகாது. மேலே ஓரடி, ஒன்றரை அடி வரிச்சாக, இடைவெளி விட்ட கம்புகளாக விட்டிருப்பார்கள். அருமையான ஏற்பாடு அது. கீழே நுழையும் குளிர்ந்த காற்று சூடான காற்றை மேலே தள்ளி வெளியேற்றுகிறது. மின்விசிறி தேவையில்லை. எலிக்கும் பூனைக்கும் கம்பி வலை அடியுங்கள். கிழக்கிலும் மேற்கிலும் கீல் போட்ட பலகை மூடிகள் வையுங்கள். காற்று வரும் பக்கத்தை மூடி, போகும் பக்கத்தைத் திறக்கலாம். மாரியில் கிழக்கு மூடி, கச்சானில் மேற்கு மூடி.

ஒரு எச்சரிக்கை. இப்படிச் சுவர் மேலே திறந்திருக்கும் கட்டடத்தில் கூரையின் பாரத்தை மரத்தூண்கள் தாங்க வேண்டும். தூணையும் வளையையும் இரும்புப் பட்டியால் இறுக்கிக் கட்ட வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளி எங்கள் கூரைகளை என்ன செய்தது என்று வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதோடு, குசினிக்குக் கிடுகோ இலுக்குப் புல்லோ வேண்டாம். வீட்டின் மற்றப் பகுதிக்கு அது எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும், தீயிருக்கும் இடத்துக்கு ஓடுதான்.

ஆறாம் படி: விறகு வைக்கும் இடம்

ஈர விறகு எரியும்போது தன் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டைச் செலவிடுகிறது. அதனால்தான் கண்ணும் எரிகிறது. கச்சான் மாதங்களில் வெட்டி, பெருவிரல் தடிப்புக்குப் பிளந்து, நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி, இறவாரத்தின் கீழ் அடுக்கி, செப்டெம்பருக்குள் முடித்துவிடுங்கள். வேலியில் நிற்கும் கிளிசிறிடியா, தென்னை மட்டை, பாளை, சிரட்டை இவையே ஒரு வீட்டுக்குப் பெருமளவு போதும். புகைக்கூட்டின் ஓரத்தில், தீ தொடாத தூரத்தில் ஒரு பரண் கட்டி அடுத்த சில நாள் விறகை அங்கே ஏற்றுங்கள். வாடைக் காலத்தில் வீணாகும் சூடு விறகை உலர்த்தும்.

ஏழாம் படி: திண்டுக்குள் ஒரு வைக்கோல் குழி

மண் வீட்டில் மட்டுமே இவ்வளவு எளிதாகச் செய்யக்கூடிய வேலை இது. அடுப்புக்கு அடுத்த திண்டைக் கட்டும்போது, உங்கள் பெரிய சோற்றுப் பானையைவிட நான்கு அங்குலம் சுற்றிலும் அடியிலும் கூடுதலாக ஒரு குழியை விட்டுக் கட்டுங்கள். அந்த நான்கு அங்குலத்தையும் உலர்ந்த வைக்கோலால் இறுக்கமாகத் திணியுங்கள். மூடிக்கு வைக்கோல் அடைத்த தலையணை. சோறு கொதித்து ஐந்தாறு நிமிடம் ஆனதும் மூடியைத் திறக்காமல் பானையைக் குழியில் இறக்கிவிட்டால், மீதி வேக்காடு விறகில்லாமல் நடக்கும். பருப்பும் கடலையும் ஊறவைத்து, பத்து நிமிடம் நன்றாகக் கொதித்தபின் இறக்க வேண்டும். பானை முக்கால் பங்குக்கு மேல் நிறைந்திருந்தால்தான் சூடு நிற்கும். தேங்காய்ப்பால் விட்ட கறியை அதற்குள் வைக்காதீர்கள். மிதமான சூட்டில் அது சீக்கிரம் பழுதாகும். பெரும்போக அறுவடைக்குப் பின்னும் சிறுபோகத்துக்குப் பின்னும் வைக்கோலை மாற்றுங்கள்.

எட்டாம் படி: தண்ணீர்

மண் சுவருக்குத் தீயைவிடத் தண்ணீர்தான் பகை. பாத்திரம் கழுவும் இடத்தைத் தெற்குச் சுவரோரம், முடிந்தால் இறவாரத்தின் கீழ் வெளியே அமையுங்கள். உள்ளே தொட்டி வேண்டுமென்றால் அந்தச் சுவரின் கீழ் நான்கு அடியைச் சுட்ட செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். குழாயை மண் சுவருக்குள் புதைக்காதீர்கள். ஒரு சொட்டுக் கசிவு வெளியே தெரியும்போது அடி கரைந்திருக்கும். கழிவுநீர் வாழைப் பாத்திக்கு ஓடட்டும்.

2011 ஜனவரி வெள்ளத்தின் அடையாளம் இன்னும் தெரியும் ஊர்கள் உண்டு. அந்த அளவுக்கு மேலே உங்கள் குசினித் தளம் நிற்க வேண்டும். எங்கேயானாலும் இரண்டடிக்குக் குறையாத கல் அத்திவாரம் தேவை. கறையானுக்கும் அது தடை.

கறுப்புப் பூசிய மூடிய பாத்திரத்தில் காலையிலேயே தண்ணீரை வெயிலில் வைத்துவிடுங்கள். 28 பாகையில் உள்ள கிணற்றுத் தண்ணீர் 45 பாகைக்கு ஏறினால், கொதிக்கவைக்கும் சூட்டில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம்.

ஒன்பதாம் படி: எரிவாயு, மின்சாரம், குளிர்சாதனப் பெட்டி

2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற யாரும் ஒரே எரிபொருளை நம்ப மாட்டார்கள். எரிவாயு அடுப்பும் இருக்கட்டும், ஆனால் விறகடுப்பிலிருந்து ஐந்தடிக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும். சிலிண்டரை வெளியே நிழலில் வைத்து, சுவரில் பதித்த குழாய்த் துண்டின் வழியே ரப்பர்க் குழாயை உள்ளே எடுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். ஆகவே தரைமட்டத்தில் ஒரு திறப்பும் வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி அடுப்பிலிருந்து எட்டாத மூலையில், வடக்குச் சுவரோரம், சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி. மின்கம்பிகளைப் பூச்சுக்கு முன்பே குழாயில் இடுங்கள். மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்றிப் சுவிச் இல்லாமல் மண் சுவரில் மின்சாரம் வேண்டாம். தட்டுகளைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட முடியாது. கட்டும்போதே மரக்கட்டைகளைப் பதித்துவிடுங்கள், அல்லது தூண்களில் பொருத்துங்கள். உட்சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பும் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடும் இருந்தால் பகலில் மின்குமிழ் எரியத் தேவையில்லை.

மரக்கறிக்கு ஈர மணலில் பதித்த மண்பானை கச்சான் காலத்தில் நன்றாக வேலை செய்யும். மாரியில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அது குளிராது. அப்போது உறியில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

பத்தாம் படி: எப்போது தொடங்குவது

பெரும்போக அறுவடை முடிந்து வைக்கோல் கிடைக்கும் பெப்ரவரி, மார்ச்சில் மண் மிதிக்கத் தொடங்குங்கள். மண்கற்கள் மூன்று நான்கு கிழமை உலர வேண்டும். ஓகஸ்டுக்குள் சுவரும் கூரையும், செப்டெம்பருக்குள் பூச்சும் முடிந்திருக்க வேண்டும். அடுப்பைக் கடைசியில் கட்டி, இரண்டு மூன்று கிழமை நிழலில் உலரவிட்டு, பிறகு சிரட்டைத் துண்டுகளால் சிறு தீ மூட்டிப் பழக்குங்கள். அவசரப்பட்டுப் பெருந்தீ மூட்டினால் பிளந்துவிடும்.

ஒவ்வொரு வருடமும் வாடை வருவதற்கு முன்னர் அடுப்பையும் சுவரின் அடிப்பகுதியையும் சாணமும் மண்ணும் குழைத்துப் பூச வேண்டியிருக்கும். வேறு மண் ஒட்டாமல் உரிந்துவிடும். ஆகவே கட்டும்போதே, குழைத்த அதே மண்ணில் இரண்டு மூட்டையைச் சலித்து, விறகுத் தாழ்வாரத்தில் நனையாத இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.